பென் டிரைவ் மாதிரியா, பிளேயருக்கா? எழுதி அழிக்கும் டிவிடி பற்றிய கேள்விக்குப் பதில்

உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கேள்வி நீளம், சுருக்கித் தருகிறேன். வீட்டு அலமாரியைத் துப்புரவாக்கும்போது உறை பிரிக்காத இருபது வட்டுகள் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலானவை டிவிடி-ஆர்டபிள்யூ, சில டிவிடி+ஆர்டபிள்யூ, அடியில் நாலைந்து சீடி-ஆர்டபிள்யூ. அவரிடம் இருப்பது விண்டோஸ் 10 லெப்டொப்பும் யூஎஸ்பியில் செருகும் மெல்லிய றைட்டரும் (வட்டில் எழுதும் கருவி). நவராத்திரிக் கும்ப வீடியோவை அம்மம்மாவுக்குப் போட்டுக் காட்டவென்று ஒரு வட்டில் ஏற்றினார். லெப்டொப்பில் ஓடுகிறது, அம்மம்மா வீட்டுப் பிளேயரில் 'நோ டிஸ்க்'. இரண்டாவது வட்டு போமட் பாதியில் நின்றுபோய், இப்போது றைட்டருக்கே அது என்ன வட்டு என்று தெரியவில்லை. மூன்றாவதில் 4.7 ஜிபி என்று அச்சடித்திருந்தும் 4.6 ஜிபி கோப்பு ஏறவில்லை. "அண்ணா, போமட் பண்ணுவதும் அழிப்பதும் ஒன்றா? இதற்குச் சரியான முறைதான் என்ன?" என்று முடித்திருக்கிறார்.

தம்பி, முதல் வட்டில் ஒரு பிழையும் இல்லை. றைட்டரிலும் இல்லை. அந்த வட்டை யார் வாசிக்கப் போகிறார் என்று விண்டோஸ் உங்களிடம் கேட்டது, நீங்கள் வேறு ஆளைக் காட்டிவிட்டீர்கள். அவ்வளவுதான் நடந்தது. எழுதி அழிக்கும் வட்டுகளோடு மாரடித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். நானும் மாட்டியிருக்கிறேன், அதுவும் அடுத்தவருடைய அலைச்சலில்.

2000களின் தொடக்கத்தில் திருகோணமலை மத்திய வீதிப் பக்கம் ஒரு சின்ன கொம்பியூட்டர் கடையில் வேலை செய்தேன். தட்டச்சு, அச்சு, சீடி எழுதிக் கொடுப்பது, இவைதான் பிழைப்பு. கிண்ணியாவிலிருந்து ஓர் ஆசிரியர் பரீட்சை வினாத்தாள்களைத் தட்டச்சு செய்யக் கொண்டுவருவார். ஒருமுறை அவருக்கு உதவி செய்வதாக நினைத்து, "சேர், இந்த சீடியில் நீங்களே வேண்டியதைப் போடலாம், வேண்டாததை அழிக்கலாம்" என்று ஒரு சீடி-ஆர்டபிள்யூவை இழுத்துப் போடும் முறையில் போமட் செய்து, தாள்களையும் ஏற்றிக் கொடுத்தேன். கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தார்கள். அதற்கு முன் மிதப்புப் பாதைக்கு (ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவை) காத்திருந்து கடந்துதான் போக வேண்டும். மனுசன் போய்ச் சேர்ந்து, பாடசாலையில் இருந்த விண்டோஸ் 98 கொம்பியூட்டரில் சீடியைப் போட்டால் ஒன்றும் வரவில்லை. மறுநாள் திரும்பவும் பாதை ஏறி வந்தார். திட்டவில்லை, சீடியை மேசையில் வைத்துவிட்டு "இது உங்கட கொம்பியூட்டருக்கு மட்டும் விளங்குகிற பாசை போல" என்றார். அதைவிடச் சரியான விளக்கத்தை நான் இன்றுவரை எந்தக் கையேட்டிலும் படிக்கவில்லை.

வட்டில் கோப்புகளை அடுக்குவதற்கு இரண்டு பாசைகள் உண்டு. பழையது ஐஎஸ்ஓ 9660. 1988இல் வந்தது. ஒரு புத்தகத்தை அச்சடிப்பது போல, எல்லாவற்றையும் முதலில் சேர்த்து, பொருளடக்கம் போட்டு, ஒரே மூச்சில் எழுதிவிடும் காலத்துக்கானது. அநேகமாக எந்தக் கருவியும் இதை வாசிக்கும். மற்றது யூடிஎஃப், 1995இல் வந்தது. இதன் 1.50 பதிப்பிலிருந்துதான் சீடி-ஆர்டபிள்யூவில் கொப்பியில் எழுதுவது போல நினைத்த நேரம் ஒரு வரி சேர்க்கவும் ஒரு வரி அழிக்கவும் முடிந்தது. விண்டோஸ் 98க்குத் தெரிந்ததோ 1.02 மட்டும். சேருடைய சீடி பேசியது 1.50. வாசிப்பதற்கென்று தனியாக ஒரு சின்ன மென்பொருளை அந்தக் கொம்பியூட்டரில் போட்டிருந்தால் வாசித்திருக்கும், அது அப்போது எனக்குத் தெரியாது.

இனி உங்கள் லெப்டொப்புக்கு வருவோம். வெற்று வட்டைப் போட்டதும் விண்டோஸ் ஒரு பெட்டியைத் திறந்து வட்டுக்குப் பெயர் கேட்கும். அதற்குக் கீழே இரண்டு தெரிவுகள் இருக்கும். முதலாவது 'லைக் எ யூஎஸ்பி பிளாஷ் டிரைவ்', அதாவது பென் டிரைவ் மாதிரி. இரண்டாவது 'வித் எ சீடி/டிவிடி பிளேயர்'. பெயரைப் பார்த்தால் யாருக்கும் முதலாவதுதான் பிடிக்கும். நீங்களும் அதைத்தான் அழுத்தியிருப்பீர்கள். அதை அழுத்தினால் விண்டோஸ் வட்டை யூடிஎஃபில் போமட் செய்யும், ஓரிரு நிமிடத்தில் முடியும். பிறகு கோப்புகளை இழுத்துப் போட்ட உடனேயே எழுதும். ஒரு கோப்பை மட்டும் அழிக்கலாம், அழித்த இடம் திரும்பக் கிடைக்கும். (ஆர்டபிள்யூ இல்லாத சாதாரண டிவிடி-ஆரிலும் இதே தெரிவு வரும். அதில் அழித்தால் பெயர் மட்டும் மறையும், இடம் திரும்பாது.) உங்களுக்கும் இன்னொரு விண்டோஸ் கொம்பியூட்டருக்கும் இடையில் கோப்பு கொண்டுபோக இது நல்ல முறை. வீட்டுப் பிளேயருக்கும் கார் செட்டுக்கும் அநேகமாக இது புரியாது.

இரண்டாவது தெரிவில் நீங்கள் இழுத்துப் போடுவது எதுவும் வட்டில் ஏறாது. லெப்டொப்பிலேயே ஒரு மூலையில் வரிசையில் நிற்கும், அதற்கும் அதே அளவு இடம் சி டிரைவில் வேண்டும். எல்லாம் சேர்ந்ததும் நீங்கள் 'பேர்ன்' என்று சொன்ன பிறகுதான் ஒரே ஓட்டமாக எழுதும். பிறகு அதிலிருந்து ஒரு கோப்பை மட்டும் எடுக்க முடியாது, முழு வட்டையும் அழித்துத்தான் ஆக வேண்டும். அடுத்தவர் கையில் கொடுக்கும் எந்த வட்டையும் நான் இந்த முறையில்தான் எழுதுவேன், அந்த ஆசிரியருக்குப் பிறகு.

ஆனால் இங்கே இன்னொரு குழி இருக்கிறது. 'வித் எ சீடி/டிவிடி பிளேயர்' என்று தெரிவு செய்தால் விண்டோஸ் உங்கள் வீடியோவைப் பிளேயருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் என்று நினைக்காதீர்கள். தராது. கைபேசியில் எடுத்த எம்பி4 கோப்பை அப்படியே வட்டில் வைக்கும். அம்மம்மாவின் பிளேயர் எதிர்பார்ப்பது வேறு. வீடியோ எம்பெக்-2 முறையில், எங்கள் நாட்டுத் தொலைக்காட்சி முறையான பால் (PAL) கணக்கின்படி 720க்கு 576 புள்ளிகளில், 'வீடியோ டிஎஸ்' என்ற கோப்புறைக்குள் அதற்கான ஒழுங்கில் இருக்க வேண்டும். பிளேயரின் முகப்பில் டிவ்எக்ஸ் முத்திரை இருந்தால் சில ஏவிஐ கோப்புகளை நேரே ஓட்டும், இன்றைய கைபேசி எம்பி4ஐ அதுவும் பெரும்பாலும் ஏற்காது.

ஆகவே அம்மம்மாவுக்கான வட்டு இரண்டு கட்ட வேலை. முதலில் டிவிடி ஸ்டைலர் என்ற இலவச மென்பொருளில் வீடியோவைப் போட்டு, பால் என்பதையும் 16க்கு 9 என்பதையும் தெரிவு செய்து, முடிவில் நேரே எழுதாமல் ஓர் ஐஎஸ்ஓ கோப்பாக (முழு வட்டின் படியும் ஒரே கோப்பில்) சேமியுங்கள். கைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த வீடியோ என்றால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த முறை கும்பம் ஆடி வரும்போது கைபேசியைப் படுக்கவைத்துப் பிடியுங்கள். பிறகு அந்த ஐஎஸ்ஓவில் வலது கிளிக் செய்து 'பேர்ன் டிஸ்க் இமேஜ்' என்பதை அழுத்தினால் விண்டோஸே எழுதிவிடும், விண்டோஸ் 7 முதல் இந்த வசதி உண்டு. எனக்குப் பிடித்தது இம்க்பேர்ன் என்ற வட்டு எழுதும் மென்பொருள். 2013க்குப் பிறகு அதற்குப் புதிய பதிப்பு வரவில்லை, ஆனாலும் வட்டைப் பற்றி அது சொல்லுமளவு விபரம் விண்டோஸ் சொல்லாது. வட்டு எந்த வகை, எந்த வேகங்களுக்கு இடம் கொடுக்கிறது, இப்போது வெறுமையா நிறைந்ததா என்பதெல்லாம் வலது பக்கத்தில் கிடக்கும்.

ஒரு வட்டில் எவ்வளவு நேர வீடியோ கொள்ளும் என்பதும் கணக்குத்தான். ஒரு மணித்தியாலம் என்றால் டிவிடிக்கு அனுமதித்த உச்சத் தரத்துக்குக் கிட்டவே வைக்கலாம். இரண்டு மணித்தியாலம் என்றால் செக்கனுக்கு 5 மெகாபிட் அளவில் வரும், அதுவும் பார்க்க நன்றாகவே இருக்கும். மூன்று, நாலு என்று திணித்தால் இரவு வீடியோவில் விளக்கு வெளிச்சமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். இரண்டு வட்டாகப் பிரியுங்கள், கைவசம்தான் இருபது இருக்கிறதே.

உங்கள் மூன்றாவது பிரச்சினையும் கணக்குத்தான். வட்டு செய்தவர்களுடைய ஒரு ஜிபி என்பது நூறு கோடி பைட். விண்டோஸுடைய ஜிபி 1024ஐ மூன்று முறை பெருக்கி வருவது, அது நூற்றேழு கோடிக்கும் மேல். 470 கோடி பைட்டை அதால் வகுத்தால் 4.38தான் வரும். விண்டோஸ் 4.6 என்று காட்டும் கோப்பு எந்தத் தனி அடுக்கு டிவிடியிலும் ஏறாது. இன்னொன்றும் கவனியுங்கள். வெறும் ஐஎஸ்ஓ 9660 முறையில் எழுதும் மென்பொருள்கள் பல 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக் கோப்பை ஏற்க மறுக்கும். அந்த நேரம் 'ஐஎஸ்ஓ + யூடிஎஃப்' அல்லது 'யூடிஎஃப்' என்று மாற்றிவிட்டால் சரி.

அழிப்பதும் போமட்டும் ஒன்றா என்று கேட்டீர்கள். பேச்சில் ஒன்று, வட்டுக்கு வேறு. இதற்கு வட்டுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். சாதாரண டிவிடி-ஆரில் இருப்பது சாயம். லேசர் அதைச் சுட்டால் சுட்டதுதான். ஆர்டபிள்யூவில் இருப்பது உலோகக் கலவை, சீடி-ஆர்டபிள்யூவில் வழமையாக வெள்ளி, இந்தியம், அந்திமனி, தெலூரியம் ஆகிய நாலும் சேர்ந்தது. லேசர் ஒரு புள்ளியை உருக்கி, அது சடாரென்று ஆறினால் ஒழுங்கில்லாமல் உறைந்து மங்கலாகும். அதே புள்ளியை உருகாத அளவுக்கு மிதமாகச் சூடாக்கினால் மறுபடியும் பளிங்காகி ஒளியைத் திருப்பும். இந்த மங்கலும் பளிச்சும்தான் தரவு. பழைய தரவை மிதமான சூட்டால் துடைக்கலாம் என்பதால்தான் திரும்ப எழுத முடிகிறது. சிக்கல் என்னவென்றால் அந்தப் பளிச்சும் பெரிய பளிச்சு இல்லை. சீடி-ஆர்டபிள்யூ திருப்பி அனுப்பும் ஒளி, கடையில் வாங்கும் பாட்டு சீடி திருப்புவதில் மூன்றில் ஒரு பங்கு போலத்தான். 1997இல் சீடி-ஆர்டபிள்யூ வந்தபோது அன்றைய பாட்டு செட்டுகள் பல அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பழைய டிவிடி பிளேயர்கள் சில, டிவிடி-ஆர்டபிள்யூவின் மங்கலைப் பார்த்து அதை இரட்டை அடுக்கு வட்டு என்று நினைத்துக் குழம்பும். எல்லாம் சரியாகச் செய்தும் அம்மம்மாவின் பிளேயர் முரண்டு பிடித்தால் காரணம் இதுவாக இருக்கலாம். அப்போது ஒரு சாதாரண டிவிடி-ஆரில் அதே ஐஎஸ்ஓவை எழுதிப் பாருங்கள், பெரும்பாலும் ஓடிவிடும்.

சரி, அழித்தல். வேக அழிப்பில் வட்டின் நடுப்பக்கம் இருக்கும் பொருளடக்கப் பகுதி மட்டும் துடைபடும். ஓரிரு நிமிடம். உள்ளே பழைய தரவு அப்படியே கிடக்கும், தெரிந்தவர் கையில் கிடைத்தால் மீட்டும் விடுவார். அடையாள அட்டைப் பிரதி, வீட்டு உறுதி, கலியாணப் படம் என்று ஏதும் இருந்த வட்டை யாருக்கும் கொடுப்பதென்றால் முழு அழிப்புத்தான். முழு அழிப்பு வட்டு முழுவதையும் ஒருமுறை சூடு காட்டி வரும். டிவிடியில் ஒரு எக்ஸ் வேகம் என்பது செக்கனுக்கு 1.385 மெகாபைட். அதன்படி 2 எக்ஸில் அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு, 4 எக்ஸில் கால் மணித்தியாலம். சீடிக்கு எக்ஸ் கணக்கு வேறு, 4 எக்ஸ் சீடி-ஆர்டபிள்யூ என்றால் இருபது நிமிடம்.

டிவிடி-ஆர்டபிள்யூவில் வேக அழிப்புக்கு இன்னொரு குணமும் உண்டு, பலருக்கும் தெரியாதது. வேகமாக அழித்த வட்டை ஒரே ஓட்டமாக மட்டுமே எழுதலாம். இன்று கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம் என்று சேர்த்துப் போக அது விடாது. மென்பொருளும் காரணத்தைச் சொல்லாமல் 'இந்த வட்டில் முடியாது' என்று மட்டும் சொல்லும். முழு அழிப்புச் செய்தால் அந்தத் தடை போய்விடும்.

போமட் என்பது இதற்கு எதிர்ப்பக்கம். அழிப்பது வட்டை வெறுமையாக்குகிறது, போமட் வட்டில் கோடு போட்டுக் கொப்பியாக்குகிறது. டிவிடி-ஆர்டபிள்யூவைப் போமட் செய்தால் அதன் நிலையே மாறும். எந்த இடத்திலும் மேலெழுதலாம் என்ற நிலைக்கு அது போய்விடும். திரும்பவும் பிளேயர் முறையில் எழுத விரும்பினால் முதலில் அழித்து வெறும் வட்டாக்குவது நல்லது. விண்டோஸில் டிரைவின் மேல் வலது கிளிக் செய்தால் 'போமட்' கிடைக்கும். டிரைவைத் தெரிவு செய்துவிட்டு மேலே 'டிரைவ் டூல்ஸ்' பகுதியில் பார்த்தால் 'இரேஸ் திஸ் டிஸ்க்' இருக்கும். போமட் பெட்டியில் யூடிஎஃப் பதிப்பைக் கேட்கும். 2.01ஐத் தெரிவு செய்யுங்கள், விண்டோஸ் எக்ஸ்பி வரைக்கும் பின்னோக்கி வாசிக்கும். 2.50 போட்டால் எக்ஸ்பி கைவிடும். இந்தக் காலத்தில் எக்ஸ்பி எங்கே என்று சிரிக்காதீர்கள், ஒரே ஒரு பழைய மென்பொருளுக்காக அதை இன்னும் வைத்திருக்கும் கடைகள் இருக்கின்றன.

டிவிடி+ஆர்டபிள்யூ இந்த அமளி ஒன்றும் இல்லாதது. அந்தக் கூட்டல் குறி அழகுக்கு இல்லை. டிவிடி-ஆர்டபிள்யூ ஒரு கூட்டத்தாருடைய வடிவம், டிவிடி+ஆர்டபிள்யூ பிலிப்ஸ், சொனி முதலியோர் சேர்ந்து 2001 அளவில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அழிப்பு என்று தனிச் சடங்கு கிடையாது. முதல்முறை போமட் ஆகும், அதையும் பின்னணியில் பார்த்துக்கொள்ளும், அதற்குப் பிறகு பழையதன் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகலாம். பென் மாதிரிப் பாவிக்க எனக்கு எப்போதும் இதுதான் கைக்கு வாகானது. உங்களிடம் இருக்கும் கூட்டல் வட்டுகளை அந்த வேலைக்கு ஒதுக்குங்கள், கழித்தல் வட்டுகளை வீடியோவுக்கு வையுங்கள். இன்றைய றைட்டர்கள் இரண்டையும் எழுதும்.

சீடி-ஆர்டபிள்யூவைப் பென் மாதிரிப் போமட் செய்தால் 700 எம்பியில் நூறுக்கு மேல் காணாமல் போகும், பயப்பட வேண்டாம். ஒவ்வொரு தரவுப் பொதிக்கும் இடையில் விடும் இடைவெளியும், பழுதான இடத்துக்கு மாற்றாக ஒதுக்கும் இடமும் சேர்ந்து அதைத் தின்னும்.

இப்போது அந்த இரண்டாவது வட்டு. பாதியில் ஏன் நின்றது என்று நீங்கள் எழுதியதில் ஒரு துப்பு இருக்கிறது: "லெப்டொப் சார்ஜரில் போடாமல்." மெல்லிய யூஎஸ்பி றைட்டருக்கு வேறு மின்சாரம் இல்லை, லெப்டொப் தருவதுதான். யூஎஸ்பி 2 துளையின் கணக்கு 500 மில்லி அம்பியர், நீலத் துளையான யூஎஸ்பி 3இன் கணக்கு 900. வாசிக்கும்போது இது போதும். எழுதும்போதும் அழிக்கும்போதும் லேசர் பல மடங்கு இழுக்கும், மோட்டரும் சுழல வேண்டும். பற்றரியில் ஓடும் லெப்டொப்பும், நீட்டு வயரும், பலர் தொங்கும் யூஎஸ்பி ஹப்பும் சேர்ந்தால் அது திணறி நடுவழியில் நின்றுவிடும். றைட்டரோடு இரண்டு தலை உள்ள வயர் வந்திருந்தால் இரண்டையும் செருகுங்கள். இல்லாவிட்டால் லெப்டொப்பின் நீலத் துளையில் நேரே செருகி, சார்ஜரையும் போடுங்கள்.

பாதியில் நின்ற வட்டின் பொருளடக்கப் பகுதி அரைகுறையாக இருக்கும். விண்டோஸ் அதைப் பார்த்து 'வட்டைச் செருகுங்கள்' என்றே திரும்பத் திரும்பச் சொல்லும். அந்த நேரம் விண்டோஸை மறந்துவிட்டு இம்க்பேர்னைத் திறந்து, மெனுவில் முழு அழிப்பைக் கொடுங்கள், வேகத்தைக் குறைந்ததில் வைத்து. அரை மணித்தியாலம் ஆனாலும் தொடவேண்டாம். அதற்கும் வழிவிடாவிட்டால் மேசைக் கொம்பியூட்டருக்குள் பூட்டிய முழு அளவு றைட்டரில் போட்டுப் பாருங்கள். மெல்லியது முகம் திருப்பிய வட்டை அது ஏற்பதை நிறையத் தடவை கண்டிருக்கிறேன். லினக்ஸ் தெரிந்த நண்பர் இருந்தால் கே3பி மென்பொருளிலும் 'போர்ஸ்' என்ற தெரிவோடு அழிக்கலாம். மூன்றுக்கும் மசியாவிட்டால் விட்டுவிடுங்கள். தம்பலகாமத்து வயல்களில் குருவி கலைக்க வீணான சீடிகள் கயிற்றில் மினுங்குவதைக் கண்டிருப்பீர்கள், அதில் சில எங்கள் கடை உபயம்.

எங்கள் கடையில் வட்டுகள் வீணானதற்கு முதற்காரணம் கறண்ட். எழுதி முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போதுதான் போகும். யூபிஎஸ் இல்லாத மேசைக் கொம்பியூட்டரில் எழுதுவதை விடப் பழைய லெப்டொப் எவ்வளவோ மேல். இன்னொரு காரணம், எழுதும்போதே அதே கொம்பியூட்டரில் வேறு வேலை பார்ப்பது. அந்தக் காலத்து றைட்டர்களில் தரவு வருவது ஒரு கணம் தடைப்பட்டாலே வட்டு போச்சு. 2000 அளவில் சான்யோ அதற்கு ஒரு வழி கண்டது, தரவு நின்றால் லேசரும் நின்று, வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். இன்றைய றைட்டர் எல்லாவற்றிலும் அந்த மாதிரி ஏற்பாடு உண்டு என்பதால் அந்தப் பயம் இனி வேண்டாம்.

வேகத்தைப் பற்றி ஒரு சொல். மெதுவாக எழுதினால் நல்லது என்று எல்லாரும் சொல்வார்கள். ஆர்டபிள்யூவில் வட்டு தனக்கென்று குறித்த வேகத்தில்தான் எழுதும், 4 எக்ஸ் என்று போட்டிருந்தால் அதற்கு மேலே போகாது, பல நேரம் அதற்கு வெகு கீழேயும் போகாது. இருப்பதில் நடுவானதைத் தெரிவு செய்யுங்கள். அதைவிட முக்கியம் 'வெரிஃபை' என்ற பெட்டியில் ஒரு சரி போடுவது. எழுதியதைத் திரும்ப வாசித்துக் கோப்போடு ஒப்பிட்டுச் சொல்லும். நேரம் கூடும்தான், ஆனால் மிதப்புப் பாதை ஏறி யாரும் திரும்பி வரமாட்டார்கள்.

கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா? தாராளமாக. ஐஎஸ்ஓ முறையில் ஜோலியட் என்ற சேர்க்கை இருந்தால் 64 எழுத்துவரை தாங்கும். ஆனால் அது எண்ணுவது நாங்கள் எண்ணுவது போல இல்லை. 'கோணேசர்' எங்களுக்கு நாலு எழுத்து, கொம்பியூட்டருக்கு ஏழு. கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம். 'நவராத்திரிக் கும்பத் திருவிழா ஏழாம் நாள் இரவு வீதியுலா' என்று மனம் போல நீட்டினால் வால் வெட்டுப்படும் எல்லைக்குக் கிட்ட வந்துவிடும். பிளேயரில் போடும் வட்டானால் ஆங்கில எழுத்தும் இலக்கமும் போதும், அதன் திரையில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். பாமினியில் தட்டச்சு செய்து பெயர் வைத்த பழைய கோப்புகள் வட்டில் வந்தால் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். அது வட்டின் குற்றமில்லை, அந்த எழுத்துரு வேலை செய்யும் விதம் அப்படி.

எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு ஆயிரம் என்பது உறையில் போடும் கணக்கு. டிவிடி-ராம் என்ற இன்னொரு வகைக்கு ஒரு இலட்சம் சொல்வார்கள், அது எங்கள் பக்கம் அதிகம் வரவில்லை. நடைமுறையில் நான் ஒரு வட்டை நூறு முறை எழுதினதே இல்லை. அதற்கு முன் கீறல் விழும், அல்லது யாரோ இரவல் வாங்கிப் போவார்கள். பென் மாதிரிப் பாவிக்கும் வட்டில் மட்டும் கோப்புப் பட்டியல் இருக்கும் அதே இடம் திரும்பத் திரும்ப எழுதப்படுவதால் அந்த இடம் முதலில் களைக்கும். வட்டு திடீரென்று மெதுவாகி, பென் மாதிரி எழுதியதைத் திறக்கவே ஒரு நிமிடம் எடுத்தால் அதுதான் அறிகுறி. இருப்பதைப் பிரதி எடுத்துவிட்டு முழு அழிப்புக் கொடுங்கள்.

எங்கள் ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு, உப்புக் காற்று. கச்சான் வீசும் மாதங்களில் புழுதியும் சேரும். வட்டை விட றைட்டரின் கண்ணாடிக் கண்தான் முதலில் மங்கும். கதவு திறந்த அறையில் றைட்டரின் தட்டை வெளியே நீட்டி வைக்காதீர்கள். வட்டைத் துடைக்கும்போது மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேரே இழுங்கள், வட்டமாகத் தேய்க்க வேண்டாம். சீடியில் தரவு இருக்கும் அடுக்கு அச்சுப் பக்கத்தின் அடியிலேயே இருக்கிறது, அந்தப் பக்கத்தில் குமிழ்முனைப் பேனாவால் அழுத்தி எழுதினால் தரவையே கீறுவது போல. டிவிடியில் அது இரண்டு தகடுகளுக்கு நடுவில், கொஞ்சம் பத்திரம். எதிலும் மார்க்கர் பேனாதான் பாதுகாப்பு.

அந்த வீடியோவுக்கு இருக்கும் ஒரே பிரதி இந்த வட்டாக இருக்க விடாதீர்கள், தம்பி. ஆர்டபிள்யூ கொண்டுபோகவும் காட்டவும் நல்லது. யாரோ ஒருவர் தெரியாமல் 'இரேஸ்' அழுத்தினால் இரண்டு நிமிடத்தில் வெறுமையாகும் பொருள் அது. 2025 பெப்ரவரியோடு சொனி எழுதும் புளூரே வட்டுகள் செய்வதையும் நிறுத்திவிட்டது, ஆகவே வட்டும் றைட்டரும் இனிமேல் லேசில் கிடைக்கப் போவதில்லை. ஹாட் டிஸ்கில் ஒன்று, உறவினர் வீட்டில் ஒன்று என்று வைத்துவிட்டு, பார்ப்பதற்கு வட்டைப் பாவியுங்கள்.

இன்றைக்கே தொடங்குவதென்றால் இப்படிச் செய்யுங்கள். முதல் வட்டில் இருக்கும் வீடியோ லெப்டொப்பிலும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சார்ஜரைப் போட்டு, அதை முழு அழிப்புக்கு விடுங்கள். அது ஓடி முடியும்வரை லெப்டொப்பைத் தூங்கவிடாதீர்கள், மூடியை மூடவும் வேண்டாம். முடிந்ததும் டிவிடி ஸ்டைலரில் ஐஎஸ்ஓ செய்து அதே வட்டில் எழுதி, வெரிஃபை பார்த்து, அம்மம்மா வீட்டுக்குக் கொண்டுபோங்கள். பிளேயர் அப்போதும் 'நோ டிஸ்க்' என்றால் பிளேயரின் பின்பக்கத்தில் இருக்கும் மொடல் இலக்கத்தை எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.